நீரும் களையும் பருவமும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நன்செய் வேளாண்மையில் நீர்பாய்ச்சுவோர் அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தாமிரபரணிப் பாசனம் குறித்த வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் அணைக்கட்டுகள், நிலவுரிமை, வருவாய் நிருவாகம் ஆகியவற்றையே மையப்படுத்தியுள்ளன. வயலில் நீரை நிறுத்தியும் வடித்தும், களையை அடக்கியும், பருவத்தைக் கணித்தும் வேளாண்மையை நடத்திய உழைப்பாளரின் அறிவு அவற்றில் துணைச் செய்தியாகவே இடம்பெறுகிறது. நீர் மேலாண்மை, களை மேலாண்மை, பருவக் கணிப்பு ஆகிய மூன்றும் இப்பள்ளத்தாக்கில் தனித்தனி நுட்பங்களாக இயங்கவில்லை என்பதும், ஒன்றையொன்று சார்ந்த ஒரே அறிவுத் தொகுதியாக விளங்கின என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். 19ஆம் நூற்றாண்டு தொடங்கி நிகழ்ந்த நிருவாக, தொழில்நுட்ப மாற்றங்கள் அத்தொகுதியை எவ்வாறு பிரித்தன என்பதையும், அப்பிரிவினால் இன்று எழுந்துள்ள இடர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாமிரபரணி, கார், பிசானம், மடைக்குடும்பர், களை, குடிமராமத்து, முக்கூடற்பள்ளு

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 125 கி.மீ. தொலைவு ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தமிழகத்தின் எல்லைக்குள்ளேயே பிறந்து முடியும் ஆறு. அதன் கரையில் நெல் பயன்பாட்டின் தொன்மைக்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழியிலிருந்து பெறப்பட்ட நெல்மணிகளின் காலம் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. பிற்காலத்தில், அம்பாசமுத்திரத்தில் கிடைத்துள்ள வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு, இளங்கோக்குடிச் சபையாரிடம் காசு வைப்பாக அளிக்கப்பட்டதையும் அதற்கான வட்டி நெல்லாக அளக்கப்பட்டதையும் கூறுகிறது. முதல் குறையாமல் ஆண்டுதோறும் நெல் அளப்பதாக ஒரு சபை ஒப்புக்கொள்ள வேண்டுமாயின், அவ்வூரின் விளைச்சல் ஓரளவேனும் உறுதியானதாக இருந்திருக்க வேண்டும். அவ்வுறுதியை ஆறு மட்டும் தந்துவிடவில்லை. ஆற்று நீரை உரிய நாளில், உரிய அளவில், உரிய வயலில் நிறுத்திய உழைப்பும் சேர்ந்தே அதனைத் தந்தது.

ஏ. ஜே. ஸ்டுவர்ட் தொகுத்த மாவட்டக் கையேடும் (1879), கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறும் (1881), எச். ஆர். பேட் எழுதிய மாவட்டக் கசெட்டியரும் (1917) இப்பகுதியின் வரலாற்றுக்கு இன்றியமையாத மூலங்கள். டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட தென்னிந்திய உழவர் வரலாறு பற்றிய நூல், திருநெல்வேலியை நன்செய் வட்டாரம், புன்செய் வட்டாரம், இரண்டும் கலந்த வட்டாரம் எனப் பகுத்து, நீரின் இருப்பே சமூக அதிகாரத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என நிறுவியது. இந்நூல்கள் வகுத்த வழியை இக்கட்டுரை ஏற்கிறது. எனினும், நன்செய் வட்டாரத்தின் உள்ளே, வரப்பின் அளவில் நின்று காண முயல்கிறது. நீரை யார் ஆண்டனர் என்பதோடு, நீரைக் கையாளும் அறிவு யாரிடம் இருந்தது என்பதும் வரலாற்றுக்கு உரிய வினா என்பதே இதன் நிலைப்பாடு.

1. ஆற்றின் அமைப்பும் எட்டு அணைக்கட்டுகளும்

தாமிரபரணியின் குறுக்கே மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 86,107 ஏக்கர் நிலத்திற்கு நீர் அளிப்பதாகப் பொதுப்பணித் துறைக் கணக்குக் கூறுகிறது. எட்டனுள் ஏழு ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. கடைசியான திருவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 1873இல் ஆங்கிலேயர் ஆட்சியில் நிறைவுற்றது.

இவ்வமைப்பில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, இவ்வணைக்கட்டுகள் நீரைத் தேக்குவதற்காக எழுப்பப்பட்டவை அல்ல. நீரைத் திருப்புவதற்காக எழுப்பப்பட்டவை. ஆற்றின் மட்டத்தைச் சற்று உயர்த்திக் கால்வாயின் தலைமதகுக்கு நீரைச் செலுத்திவிட்டு, மிகுதியைத் தம்மீது வழியவிடுபவை. மேற்பகுதி வயல்களிலிருந்து வடியும் நீர் மீண்டும் ஆற்றில் சேர, அடுத்த அணைக்கட்டு அதனைப் பிடித்துக்கொள்கிறது. குதிரைலாட வடிவில் வளைந்து கிடக்கும் மருதூர் அணைக்கட்டு, ஆற்றின் போக்கோடு முரணாமல் நீரைத் திருப்பும் இம்முறைக்குத் தக்க சான்று.

இரண்டாவது, கால்வாய்கள் வயல்களுக்கு நேரடியாக நீர் தருவதோடு குளங்களையும் நிரப்புகின்றன. திருவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் கோரம்பள்ளம் குளம் வரையிலும், தென்கால் கடம்பாகுளம் உள்ளிட்ட குளங்களுக்கும் நீரைக் கொண்டுசெல்கின்றன. குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்குச் செல்லும். ஆற்றில் நீர் குறையும் நாள்களில் பயிரைக் காப்பது இக்குளங்களின் இருப்பே. எனவே ஆறு, கால்வாய், குளம், மடை, வயல், வடிகால் என்பது ஒரு சங்கிலி. அதன் எந்தக் கண்ணியிலும் மனிதக் கையும் கணிப்பும் இன்றி நீர் நகர்வதில்லை.

2. காரும் பிசானமும்

இப்பள்ளத்தாக்கின் நெற்பருவங்கள் இரண்டு. வைகாசி, ஆனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசியில் அறுவடையாவது கார். புரட்டாசியில் நாற்றங்கால் இட்டு, ஐப்பசி, கார்த்திகையில் நடவு முடித்து, மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். கீழ்ப்பகுதிக் கால்வாய்களில் நீர் இருப்பைப் பொறுத்துச் சித்திரையை ஒட்டித் தொடங்கும் முன்கார் என்னும் சாகுபடியும் உண்டு.

இவ்விரு பருவங்களும் இரு வேறு மழைகளைச் சார்ந்தவை. கார் பருவத்தில் சமவெளியில் மழை மிகக் குறைவு. காற்றும் வெயிலும் மிகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆற்றின் வழியாக இறங்கி வருவதாலேயே அப்பயிர் விளைகிறது. கார் உழவன் தன் தலைமேல் பெய்யாத மழையை நம்பிப் பயிர் செய்பவன். பிசானத்தின் நிலை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வயலின் மீதே பெய்கிறது. ஆற்றிலும் வெள்ளம் வருகிறது. காரில் இடர் நீரின்மை. பிசானத்தின் முற்பகுதியில் இடர் நீர்மிகுதி. ஒரே வயலில், ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று எதிரான இரு இடர்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தமையே இப்பகுதி வேளாண் அறிவின் தனித்தன்மையை உருவாக்கியது எனலாம்.

இதனை முக்கூடற்பள்ளு நன்கு உணர்த்துகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்ததாகக் கருதப்படும் இந்நூலின் களம், தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிப் பகுதி. வெள்ளம் வருவதற்கான குறிகளை அந்நூல் அடுக்கும்போது, மலையாளத் திசை மின்னலையும் ஈழத்துத் திசை மின்னலையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. நண்டுகள் வளையை மண்ணால் அடைப்பதையும் குறியாகக் கொள்கிறது. இப்பகுதியை இலக்கிய நயத்திற்காகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். வேளாண் வரலாற்று நோக்கில், மேற்கிலும் தென்கிழக்கிலும் தோன்றும் இரு மின்னல்களும் இரு பருவமழைகளின் திசைகளைச் சுட்டுகின்றன. வானத்தின் இரு பக்கங்களையும் ஒரே வேளையில் படிக்கப் பழகியவனின் பார்வை அது. நண்டின் வளை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் இருப்பதால், அதனைக் கவனிப்பவன் நாள்தோறும் வரப்பில் நடப்பவனாகவே இருக்க முடியும்.

3. களையை அடக்கும் நீர்

நெல்வயலில் நீரின் பணி பயிரின் தாகத்தைத் தணிப்பதோடு முடிவதில்லை. களையை அடக்குவதும் அதன் முதன்மையான பணி. வயலில் சில அங்குல உயரம் நீர் நின்றால் மண்ணுக்குள் செல்லும் உயிர்வளி குறைகிறது. பெரும்பாலான புல்விதைகள் முளைப்பதில்லை. நாற்று நடும் முறை இதற்குத் துணைசெய்கிறது. மூன்று வார வயதுடைய நாற்று, அன்று முளைக்கும் களையைவிட மூன்று வாரம் முந்திக்கொள்கிறது. தொளி கலக்கி உழுது, மரம் அடித்துச் சமன்செய்வதும் இம்முறையின் பகுதியே. சமன் இல்லாத வயலில் மேட்டுப் பகுதி நீருக்கு மேலே தெரியும்; களை அங்குதான் முதலில் தலையெடுக்கும். எனவே மரம் அடித்தவரின் கைத்திறன், இரண்டு வாரம் கழித்துக் களையெடுப்பவரின் வேலைச்சுமையைத் தீர்மானித்தது.

எல்லாக் களைகளும் நீருக்கு அடங்குவதில்லை. குதிரைவாலிப்புல் குறைந்த உயிர்வளியிலும் முளைக்கவல்லது. இளமையில் நெல்லைப் போலவே தோன்றுவது. நெற்பயிரில் இலைத்தாளும் இலையுறையும் கூடும் இடத்தில் சிறு நாக்குப் போன்ற சவ்வு இருக்கும். குதிரைவாலிப்புல்லில் அது இராது. தாவரவியல் நூல்கள் கூறும் இவ்வேறுபாட்டை, குனிந்தபடியே விரைவாகக் கைவீசும் களையெடுக்கும் பெண்கள் தொடுகையாலும் நிறத்தாலும் தண்டின் அமைப்பாலும் அறிந்து பிரித்தனர். களையெடுப்பைத் திறன் வேண்டாத வேலை எனக் கூலிக் கணக்குகள் வகைப்படுத்துவது பொருந்தாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

கோரைக்கு மருந்து நீர் அன்று, வெயில். அதன் கிழங்கு மண்ணுக்குள் வாழ்வது, நீரில் அழியாதது. சித்திரையில் பொன்னேர் பூட்டி உழும் கோடை உழவு கிழங்கை மேலே புரட்டிக் காயவைக்கிறது. பிசான அறுவடைக்கும் அடுத்த சாகுபடிக்கும் இடைப்பட்ட காலத்தில் கொழிஞ்சி வளர்த்து மடக்கி உழுவதும் இவ்வட்டாரத்தில் பரவலாக இருந்த வழக்கம். அது நிலத்திற்குத் தழையுரம் ஆவதோடு, வெற்று நிலத்தைக் களை கைப்பற்றாமலும் காத்தது. கோடையில் வற்றிய குளத்திலிருந்து கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு அடித்தபோது குளமும் ஆழமாயிற்று, வயலும் வளம் பெற்றது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், களை மேலாண்மை என்பது நாள்காட்டியோடு பிணைந்திருந்தமை புலப்படுகிறது. கோடையில் வெயிலும் கொழிஞ்சியும், நடவின்போது தொளியும் மரமும், நட்டபின் நிற்கும் நீர், இறுதியில் பெண்களின் கை என்பது அதன் வரிசை. நீர் ஒரு வாரம் தவறினால் பயிர் வாடுவதற்கு முன்னரே களை எழுந்துவிடும். வெயில்மிகு கார் பருவத்தில் இவ்விடர் மேலும் கூடுதல். நீரைப் பங்கிடும் தகராறு எதற்கும் பின்னால் களையெடுப்புக் கூலியின் கணக்கும் மறைந்திருந்தது.

4. மடையைத் திறந்தவர்கள்

இவ்வரிசையை நடத்தியவர் யார் என்னும் வினாவுக்கு விடை, குடும்பன் என்னும் பட்டத்தில் உள்ளது. முக்கூடற்பள்ளின் தலைவன் அழகக்குடும்பன். நீரைப் பாய்ச்சும் பொறுப்புடையோர் இப்பகுதியில் மடைக்குடும்பர், நீர்பாய்ச்சி எனப் பலவாறு அழைக்கப்பட்டனர். இன்று தேவேந்திரகுல வேளாளர் எனச் சட்டத்தால் (2021) பெயரிடப்பட்டுள்ள சமூகத்தினர் இப்பணியில் முதன்மைப் பங்காற்றினர். குளத்தின் மடையை எப்போது, எவ்வளவு திறப்பது, வாய்மடையில் தொடங்கிக் கடைமடை வரை எந்த வயலுக்கு எந்த முறையில் விடுவது, பெருமழையில் எந்த வரப்பை வெட்டி வடிப்பது என்பன அவர்களின் பணிகள். வயலிலிருந்து வயலுக்கு நீர் கடந்து செல்லும் பாசனத்தில், ஒருவனின் வயலில் நீர் தேவைக்கு மேல் நின்றால் அடுத்தவனின் வயலில் களை வளரும். ஆகவே இப்பணிக்குக் கணிப்போடு நடுநிலையும் தேவைப்பட்டது. தனக்கென நிலம் இல்லாதவர் நீரைப் பங்கிடுவது அந்நடுநிலைக்குத் துணைசெய்தது என ஒருவர் வாதிடலாம். ஆனால் அவ்வாதம் அந்நிலமின்மையை நியாயப்படுத்துவதாக ஆகிவிடக் கூடாது.

ஏனெனில், அவ்வறிவு அதிகாரமாக மாறவில்லை. நிலம் பிரமதேயச் சபையார், கோயில்கள், பிற்கால மிராசுதார்கள் ஆகியோரிடம் இருந்தது. உழைத்தோர்க்குக் களத்துமேட்டில் சுதந்திரமாக நெல் அளக்கப்பட்டது. பள்ளு இலக்கியத்திலேயே, பருவம் அறிந்த, விதை அறிந்த, மாடு அறிந்த குடும்பன், பண்ணைக்காரனிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவனாகவும், தவறினால் தொழுவில் பூட்டப்படுபவனாகவும் காட்டப்படுகிறான். அக்காட்சி நகைச்சுவையாகவே நிகழ்த்தப்பட்டது. வரலாற்று மாணவர்க்கு அது நகைச்சுவை அன்று. அறிவுக்கும் உரிமைக்கும் இடையிலான விலகலை அந்நூல் தன்னையறியாமலே பதிவுசெய்துள்ளது.

5. குடிமராமத்தும் காலனியச் சட்டமும்

1801இல் திருநெல்வேலி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் உருவான வருவாய் ஆவணங்களின் அலகு நிலம்: அதன் பரப்பு, தரம், தீர்வை. பழைய ஊர் அமைப்பில் வாய்க்கால் தூர்வாருதல், கரை அடைத்தல், செடிகொடி அகற்றுதல் ஆகியன குடிமராமத்து என்னும் கூட்டுழைப்பால் நடந்தன. ஆற்றில் நீர் குறையும்போது மணலும் செத்தையும் கொண்டு கொரம்பு கட்டி நீரைத் திருப்புவதும் அதனைச் சார்ந்தது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சென்னைச் சட்டம், கரை உடைப்பு முதலிய நெருக்கடிகளில் கட்டாய உழைப்பைப் பெற வழிவகுத்ததோடு, வழக்கப்படி ஊரார் செய்ய வேண்டிய பணியைச் செய்யத் தவறியவர் அவ்வுழைப்பு மதிப்பின் இருமடங்கைச் செலுத்த வேண்டும் எனவும் விதித்தது.

இச்சட்டத்தை இருவகையாகப் படிக்கலாம். வழக்கத்தை அரசு ஏற்றுக்கொண்டது என்பது ஒரு வாசிப்பு. வழக்கம் தானாக இயங்கும் ஆற்றலை இழந்துவந்ததால்தான் சட்டம் தேவைப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகத் தோன்றுகிறது. பட்டா தனியாளின் பெயரிலும் தீர்வை தனியாளின் தலையிலும் விழுந்தபின், வாய்க்கால் மட்டும் ஊருக்குப் பொதுவாக நீடிப்பது கடினம். மேலும், கூட்டுழைப்பு என்னும் சொல் யாருடைய உழைப்பு என்பதை மறைத்துவிடுகிறது. மிராசுதார் தம் பங்காக அனுப்பியது பெரும்பாலும் தம் பண்ணையாள்களையே. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை நீக்கிய பின்னரும், பண்ணை உறவுகள் உடனே மாறிவிடவில்லை. குடிமராமத்தின் சிதைவை ஊர் ஒற்றுமையின் சிதைவாக மட்டும் காண்பது ஆகவே முழுமையற்றது. கட்டுப்பட்ட உழைப்பு தளர்ந்ததும் அச்சிதைவின் ஒரு கூறு. அத்தளர்ச்சி உழைத்தோர்க்கு விடுதலையும் ஆகும்.

6. நீர்த்தேக்கங்களின் காலம்

1944இல் பாபநாசம் நீர்மின் திட்டம் செயற்பட்டபின், ஆற்றின் தலைப்பில் முதன்முறையாகப் பெருந்தேக்கம் அமைந்தது. 1958இல் மணிமுத்தாறு அணையும், 1986இல் சேர்வலாறு அணையும் சேர்ந்தன. திருப்பும் அணைக்கட்டுகளாக மட்டும் இருந்த அமைப்பின் தலையில் தேக்கும் அணைகள் வைக்கப்பட்டன. இதனால் விளைந்த நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. மழை பிந்தும் ஆண்டுகளில் பயிரைக் காக்க இருப்பு கிடைத்தது. மணிமுத்தாற்றுப் பெருங்கால் முன்பு வானம் பார்த்த நிலங்களுக்கும் நீர் கொடுத்தது.

ஆனால் பருவத்தைக் கணிக்கும் இடம் மாறியது. முன்பு மலையில் மின்னலையும் ஆற்றில் புதுநீரின் நிறத்தையும் கண்டு நாற்றங்கால் இட்டனர். இப்போது கார் சாகுபடிக்கு சூன் முதல் நாளை ஒட்டி அணை திறப்பது வழக்கம். அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் நாளிதழில் படித்து உழவர் முடிவெடுக்கின்றனர். நீரைக் கோருவோரும் பெருகினர். வேளாண்மையோடு மின்னுற்பத்தி, குடிநீர்த் திட்டங்கள், தூத்துக்குடியின் தொழிற்சாலைகள் ஆகியனவும் ஒரே ஆற்றைச் சார்ந்தன.

இதே காலத்தில் நெல்லும் மாறியது. 1937இல் நிறுவப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இப்பள்ளத்தாக்கிற்கு ஏற்ற இரகங்களை உருவாக்கியது. அவற்றுள் 1986இல் வெளியான ஏ.எஸ்.டி. 16, ஏறத்தாழ 110 முதல் 115 நாள்களில் விளைவது. வயது குறைந்த இரகம் நீர்த் தேவையைச் சுருக்கியது. தவறிய பருவத்தை ஓரளவு ஈடுகட்டவும் உதவியது. ஆராய்ச்சி நிலையத்தின் அறிவையும் வரப்பின் அறிவையும் எதிரெதிராக நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குறுவயது இரகம் வெற்றிபெறவும், நீர் உரிய நாளில் வயலில் நிற்க வேண்டும். அதனை நிறுத்தும் கை தேவை.

7. புதிய களைகள்

களைக்கொல்லியின் வரவு, களையெடுப்பை நீரிலிருந்து விடுவித்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடைமுறை வேறு. நடவு முடிந்த சில நாள்களுக்குள் இடப்படும் பூட்டாக்குளோர் போன்ற முளைமுன் களைக்கொல்லிகள், வயலில் மெல்லிய அளவில் நீர் நின்று, சில நாள் வடியாமல் இருந்தால்தான் முழுப்பயன் தரும். கடைமடையில் நீர் வராதவனுக்கு மருந்தும் பயன் தராது. நேரடி விதைப்பு நடவுக்கூலியை மிச்சப்படுத்துகிறது. ஆனால் நாற்றுக்குக் களையைவிட இருந்த மூன்று வார முந்துதலைக் கைவிடச் செய்கிறது. திருந்திய நெல் சாகுபடியும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையும் நீரைச் சேமிக்கின்றன. எனினும் வயல் காயும் நாள்களில் களை முளைப்பதால், உருளும் களைக்கருவியைத் தவறாமல் ஓட்ட வேண்டும். நீரைக் குறைத்தால் உழைப்பைக் கூட்ட வேண்டும் என்னும் பழைய கணக்கு மாறவில்லை.

மற்றொரு மாற்றம், களை வயலிலிருந்து வாய்க்காலுக்கும் குளத்திற்கும் பரவியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையை இப்பகுதியினர் அமலை என்பர். நகரக் கழிவுநீர் கலக்கும் வாய்க்கால்களில் சத்து மிகுவதால் அது தழைக்கிறது. நீரோட்டத்தைத் தடுத்துக் கடைமடைக்கு நீர் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் குளங்களின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டது. அதனை அகற்றுமாறு 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. திருவைகுண்டம் அணைக்கட்டில் படிந்த மண்ணைத் தூர்வாரும் பணியும் 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டிற்குப் பின்னரே தொடங்கியது. ஆற்றில் மணல் அள்ளுவதற்கு 2010இல் மதுரைக் கிளை தடைவிதித்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.

இந்நிகழ்வுகளின் பொதுக்கூறு கருதத்தக்கது. முன்பு ஊரின் கோடைக்கால வேலையாக இருந்தவை இன்று நீதிமன்ற ஆணைகளாக மாறியுள்ளன. தூர்வாருவதும் செடி அகற்றுவதும் ஆண்டுதோறும் நிகழும் பணியாக இல்லாமல், வழக்கின் தீர்ப்பாக நிகழ்கின்றன. தீர்ப்பு ஒருமுறை வரும்; களை ஆண்டுதோறும் வரும்.

8. பருவம் தவறும்போது

2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. 2023 திசம்பர் 17, 18ஆம் நாள்களில் அதே மழை எதிர்த்திசையில் தவறியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, அது தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் பெறும் சராசரி மழையையும் விஞ்சியது. பல குளங்களின் கரைகள் உடைந்தன. பிசான வயல்களில் மணல் படிந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருந்தோர்க்கும் இது புதிய அனுபவமாக அமைந்தது.

இத்தகைய மழையை எந்த மடைக்குடும்பரின் அறிவும் தடுத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரபறிவைப் புகழும் ஆய்வுகள் பல இவ்விடத்தில் மௌனம் காக்கின்றன. முன்னோரின் குறிகள் ஒரு குறிப்பிட்ட பருவ ஒழுங்கின் மீது எழுந்தவை. ஒழுங்கு மாறினால் குறிகளும் பிழைக்கும். ஆனால் குறிகள் பிழைத்தாலும் கவனிப்பு பிழைப்பதில்லை. மறுகால் அடைபட்டிருப்பதை மழைக்கு முன்னரே காண்பவர், கரையில் கசிவைக் காண்பவர், எந்த ஓடை எங்கே ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது என்பதை நடந்தே அறிந்தவர் ஒவ்வொரு குளத்திற்கும் இருப்பதும் இல்லாமற்போவதும் ஒன்றல்ல. வானிலை முன்னறிவிப்பு மாவட்டத்திற்கு வருகிறது. அதனைக் குறிப்பிட்ட ஒரு மடையின் திறப்பாக மாற்றும் ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்யும் சட்டம் (2000) நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஏற்படுத்தியது. அவற்றில் உறுப்புரிமை நிலத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2017இல் தொடங்கிய புதிய குடிமராமத்துத் திட்டமும் நிலமுடைய பாசனதாரர்களின் சங்கங்களையே முன்னிறுத்தியது. நீர்பாய்ச்சுவோர்க்கும் களையெடுக்கும் பெண்களுக்கும் அவர்தம் அறிவின் அடிப்படையில் இவற்றில் இடமில்லை. 17ஆம் நூற்றாண்டுப் பள்ளு காட்டிய விலகல், 21ஆம் நூற்றாண்டின் சட்டத்திலும் வேறு வடிவில் தொடர்கிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நீர், களை, பருவம் ஆகியன ஒரே அறிவின் மூன்று முகங்கள். கோடை உழவு முதல் கடைசிக் களையெடுப்பு வரை ஒவ்வொரு செயலும் அடுத்ததைச் சார்ந்திருந்தது. இரண்டாவது, வருவாய் ஆவணம் நிலத்தையும், பொறியியல் ஆவணம் அணையையும், வேளாண் அறிவியல் விதையையும் தனித்தனியே எடுத்துக்கொண்டன. அவற்றை இணைத்த உழைப்பு எந்த ஆவணத்திற்கும் உரியதாகாமல் விடுபட்டது. மூன்றாவது, அவ்வுழைப்பாளரைப் பழைய ஊர் அமைப்பும் சமமாக நடத்தவில்லை. ஆகவே மரபை அப்படியே மீட்பது தீர்வாகாது. மடைக்குடும்பரின் பிள்ளைகள் அப்பணியை விட்டு வேறு தொழில்களுக்குச் சென்றதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. வருந்தத்தக்கது, அப்பணிக்கு உரிய மதிப்பும் ஊதியமும் பதவியும் உருவாக்கப்படும் முன்னரே அது கைவிடப்பட்டமை.

ஆகையால் ஆய்வுலகின் முன் உடனடிப் பணி ஒன்று உள்ளது. ஒவ்வொரு கால்வாயிலும் குளத்திலும் நீர் பாய்ச்சிய கடைசித் தலைமுறையினரிடமும், களையெடுப்பில் வாழ்நாளைக் கழித்த பெண்களிடமும் அவர்தம் அறிவை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்ய வேண்டும். எந்த மடை, எந்த மாதம், எவ்வளவு திறப்பு, எந்தக் களை என்னும் நுண்ணிய அளவில் அப்பதிவு அமைய வேண்டும். அவ்வறிவைத் தந்தவரின் இசைவும் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களை நாம் மேலிருந்து கீழாக ஒப்பிக்கிறோம். அவற்றின் நீரை வயலில் சேர்த்தவர்களின் பெயர்களும் வரலாற்றில் எழுதப்படும்போதே தாமிரபரணிப் பாசனத்தின் வரலாறு முழுமை பெறும்.